சைக்கிளுக்கு அகப்பட்ட பெட்டி

டெல்லி பந்தயத்துக்கு நாளை மறுநாள் விமானம். என் சைக்கிளும் வருகிறது. மெட்ராஸ் விமான நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டால், பெட்டியில் வைத்தால்தான் ஏற்றுவோம் என்கிறார்கள்.

இன்று காலையிலிருந்து உத்திரமேரூர் கடைத்தெருவை நாலு முறை சுற்றிவிட்டேன். எந்தத் தகரப் பெட்டியிலும் சக்கரம்கூட நுழையவில்லை.

கடைசியில் தச்சர் ஏழுமலையின் பட்டறையில் நீளமாக ஒரு பெட்டி சாய்ந்திருந்தது. அளந்தேன். சரியாக இருந்தது.

"இது இன்னா பொட்டிண்ணே?"

"ஒருத்தருக்கு செஞ்ச சவப்பொட்டிம்மா. அவரு பொளச்சிக்கினாரு. வாணாம்னுட்டாங்க."

வாங்கி வந்துவிட்டேன். அம்மா வாசலிலேயே மறித்தாள். "இத்த வூட்டுக்குள்ள எடுத்தாராத!"

"இது பொளச்சவரு பொட்டிம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து பெட்டிக்கு வைத்தாள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. விமான நிலையத்தில் இது என்ன பெட்டி என்று கேட்டால் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.