ரிக் வண்டியின் மேலிருந்து அப்பா பார்த்தது

சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கண்ணாடி வில்லையை அப்பா விரல் நுனியில் பிடித்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாய்த்தால் அது செம்பு நிறத்தில் மின்னியது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வெளிய ஒன்னுமே தெரியலியே சாமி, என் மூஞ்சிதான் தெரியுது" என்றார். தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் பொருத்துகிற பில்டர் அது. வானத்திலிருந்து வரும் ஒளியில் குறிப்பிட்ட இரண்டு நிறங்களை மட்டும் உள்ளே விட்டு, மற்றதையெல்லாம் தடுத்துவிடும் என்று சொன்னேன். "அப்ப வேண்டாததத் தள்ளிப்போடுமா?" என்று கேட்டார். "ஆமாங்ப்பா" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் பலரையும் போல அப்பாவும் போர்வெல் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் பாறைக்குள் குழாய் இறக்கிய வருமானத்தில்தான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். அந்தக் கல்தூசி கடைசியில் அவர் நுரையீரலில் தங்கிவிட்டது.

ராஜஸ்தானில் ஒருநாள் மாலை, வேலை நின்றிருந்த நேரத்தில், ரிக் வண்டியின் மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இருட்டியதும் வடக்கு வானத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல ஏதோ சாய்ந்து கிடந்ததாம். மேகம் என்றால் நகர வேண்டும், அது நகரவில்லை. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அண்ணங் கண்ணுல கல்லுமாவு பூந்துருச்சுடா, மொதல்ல தண்ணியக் குடுங்க, கழுவட்டும்" என்று சிரித்தார்கள். அதிலிருந்து அந்த வண்டியில் அவர் பெயர் பஞ்சுக்கண்ணு. வீட்டில் இதை அவரே வேடிக்கையாகத்தான் சொல்லுவார். நோய் முற்றிய பிறகு அந்த வேடிக்கை நின்றுவிட்டது. ஒருநாள், "அது நெசமாவே அங்க இருந்துச்சா சாமி, இல்ல என் கண்ணுதானா?" என்று கேட்டார்.

அது ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமாக இருக்கும் என்று சொல்லி, புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். நீ புடிச்சுக் காட்டு" என்றார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான் வாங்கியிருந்த சின்னத் தொலைநோக்கிக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது.

எங்கள் வீட்டின் வடக்கில் முட்டைக் கோழிப் பண்ணை. பொழுது சாய்ந்தும் கோழிகளுக்கு நெடுநேரம் வெளிச்சம் வேண்டும் என்பதால், அந்த விளக்குகளில் வடக்கு வானமே வெளுத்துக் கிடக்கும். விளக்குகள் அணையும்போது ஆண்ட்ரோமீடா மேற்கே தீவன ஆலையின் விளக்கொளிக்குள் இறங்கிவிட்டிருக்கும். அதனால்தான் பில்டர். பழைய மஞ்சள் விளக்குகளின் ஒளியைத் தடுக்கும் வகை ஒன்று இருந்தது. ஆனால் பண்ணையில் எல்லாம் வெள்ளை எல்.இ.டி.யாகிவிட்டன. எனவே, இரண்டு நிறங்களைத் தவிர எல்லாவற்றையும் தடுக்கிற இந்த வில்லையைத் தேர்ந்தெடுத்தேன். தை மாதத்தில் அதை வைத்து ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படம் பிடித்தபோது, வானத்தில் செந்தணல் பூத்ததுபோல வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் செல்போனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா, "நல்லாருக்குது. ஆனா இது அதில்ல" என்றார். ஆண்ட்ரோமீடாவுக்குத் திருப்பினேன். சில சிவப்புப் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை.

காரணம் புரிய எனக்கு நாளாயிற்று. ஒளிரும் வாயு மேகம் சில நிறங்களை மட்டுமே உமிழ்கிறது, அதற்கு அந்த வில்லை பொருந்தும். அப்பா பார்த்ததோ கோடானுகோடி நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு, பண்ணை விளக்கைப் போலவே. விளக்கைத் தடுக்கிற கண்ணாடி அதையும் தடுத்துவிடும். எந்த ஒளி வேண்டாம் என்பதையே யோசித்துக்கொண்டிருந்த நான், அப்பாவுக்கு எந்த ஒளி வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. இதற்கென்று ஒரு பில்டர் எங்கும் விற்கவில்லை, இருட்டுதான் வேண்டும். கொல்லிமலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டதற்கு, அவர் மூச்சு இந்த நிலையில் இருக்கும்போது மலை ஏற்ற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பண்ணைக்காரரிடம் போய் நின்றேன். மாமா முறை. "ஒங்கப்பனுக்காக நான் அணைச்சுப்போடுவேன் கண்ணு. கோழிக்கு யாரு சொல்றது? வெளிச்சம் மாறுச்சுன்னா முட்டைய நிறுத்திக்கும்" என்றார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "கார்த்திகைல இந்தக் கோழிகள வித்துத் தள்ளிட்டு ஷெட்டைக் கழுவி உடுவேன். புதுக்கோழி வர்ற வரைக்கும் இருட்டுதான். அதுவரைக்கும் அவனப் பாத்துக்க."

அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பு இருமலாக மாறி அடங்கிய பிறகு, "கோழி போற வரைக்கும் நான் இருக்கோணுமாக்கும்" என்றார்.

இருந்தார். மழை விட்டு மார்கழி பிறந்ததும், பில்டர் எதுவும் இல்லாமல் படம் பிடித்தேன். மடிக்கணினியைக் கட்டிலில் வைத்தபோது ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

"கலரு இல்லியா சாமி?"

"கொஞ்சம் இருக்குதுங்ப்பா. ஏத்திக் காட்டலாம். நான் ஏத்துலீங்க."

"ஏத்தாத." திரையில் அந்தச் சாய்வை விரலால் தடவினார். "இப்படித்தான் சாஞ்சு கெடந்துச்சு."

பிறகு வெளியே கூட்டிப்போகச் சொன்னார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வடக்கே பண்ணை இருக்கும் இடமே தெரியாத இருட்டு. அப்பா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். வயதான கண்ணுக்கு அது எட்டவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எனக்குப் புடிபடல. ஒனக்குத் தெரியுதா?"

நேராகப் பார்த்தால் மறைந்தது. பார்வையைச் சற்று விலக்கியதும் மங்கலாக, ஒரு துணுக்குப் பஞ்சுபோல நின்றது.

"தெரியுதுங்ப்பா."

"நெசமா?"

"நெசமாத்தானுங்ப்பா."

அப்பா எழுந்துகொள்ளக் கையை நீட்டினார். "செரி, உள்ள போலாம் வா. பனி எறங்குது."