அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன்

சொந்த ஊர் ஏற்காடு பக்கம் வெள்ளக்கடை. நானும் கணவரும் வேலை செய்வது திருப்பூர் பனியன் கம்பெனியில். ஷிப்டுக்கு ஓடுவதால் பத்து வயது மகளுக்கு பேக்கரி பப்ஸும் பரோட்டா பார்சலும்தான் சாப்பாடு. திருவிழாவுக்கு ஊருக்குப் போனால், "புள்ள நொம்ப பூசுனாப்பல இருக்குதுங்க" என்பார்கள். பிழைக்கப் போன இடத்தில் நன்றாக இருக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி என்று பூரித்துப்போவேன். அதற்காகவே கிளம்பும் முன் ஒரு மாதம் கூடுதலாக ஊட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் நாத்தனார் முகம் சுளித்தார். "ஏனுங்க அண்ணி, புள்ளயக் குளிப்பாட்டறதே இல்லீங்களா?"

மகளின் பின்கழுத்து மடிப்பில் கறுப்பாக ஒரு பட்டை. எனக்கே அருவருப்பாக இருந்தது. தேங்காய் நாரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கத்தினாள். "இத்தனை அழுக்க வெச்சுக்கிட்டு அழுகை வேறயா" என்று இன்னும் அழுத்தினேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது.

மருந்து போட்ட நர்ஸ், "இது அழுக்கு இல்லீங்க. எடை கூடுனா சில புள்ளைகளுக்கு இப்படிக் கறுக்கும். மொதல்ல சர்க்கரைய பாருங்க" என்றார். பார்த்தோம். எல்லைக்கோட்டில் நின்றது.

இப்போது ஷிப்டுக்கு முன் எழுந்து நானே சமைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பேக்கரி எண்ணெய் வாடை பட்டாலே குமட்டுகிறது. என்னை நினைத்தால் அதைவிட.

எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் குளிக்கத் தண்ணீர் மொண்டால், இன்னும் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொள்கிறாள்.