காதுக்குள் வாசித்த பெட்டிசங்கள்

அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் வாகை மர நிழலில், சனங்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர் மேசை போட்டிருந்தார்கள். எழுதி முடித்ததும், பெருவிரல் அடையாளம் வாங்குமுன், எழுதியதைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டுவது அங்கே வழக்கம். வின்சன்ற் மட்டும் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்துவிட்டு, வந்தவரின் காதுக்குள் வாசிப்பார். எழுதுவது இடது கையால். கடைசிப் பதினேழு வருடமும் அப்படித்தான்.

"வின்சன்ற் அண்ணனிட்டப் போனா சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்த மாதிரி" என்று பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார்.

ஆனால் 1957 வரை அந்த மரத்தடியில் பெரிய குரல் அவருடையதுதான். சனங்கள் அழுதும் ஏசியும் முன்னுக்குப் பின்னாகச் சொல்வதையெல்லாம் ஒரே நீண்ட இங்கிலீசு வாக்கியமாகக் கட்டிவிடுவார். கட்டிய விதத்தை விளக்குவதில் அவருக்குத் தனி இன்பம்.

"இங்கிலீசில ஒரு செய்திதான் சொந்தக் காலில நிற்கும். அது தலை. எப்ப நடந்தது, எங்க, ஏன், ஆர் தடுத்தும் நடந்தது, இதெல்லாம் சார்பு வாக்கியம். தனிய விட்டா விழுந்திரும். தலையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிற்கும். துரைமாருக்குத் தலைதான் முக்கியம். மற்றதெல்லாம் சும்மா துணைக்கு."

அந்த வருடம் மாங்கேணியிலிருந்து கண்ணகை வந்தாள். கடலில் வலை இறக்க அவள் புருஷன் கோணாமலைக்கு வந்த முறை நாளில், வலைகளுக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி பிலிப்பு தன் ஆட்களோடு வந்து கரைவலையை இறக்கினான். தட்டிக்கேட்ட கோணாமலையின் தொடையில் மீன் குத்தும் மண்டாவை இறக்கி, மணலோடு சேர்த்துத் திருகினான்.

"இப்ப ஆள் எங்க?" என்று வின்சன்ற் கேட்டார். அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள். அவர் எழுதினார். பிறகு எழுந்து நின்று, வழக்கம்போல மரத்தடி முழுக்கக் கேட்க வாசித்தார்: பிலிப்பு என்பவன் கோணாமலையைக் குத்தினான், முறை கேட்டதற்காக, ஊரார் தடுத்தும், அந்தக் கோணாமலை இப்போது உயிருக்குப் பயந்து கரடியனாற்று வயல் வட்டையில் மச்சானின் காவல் குடிலில் கிடக்கிறான்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்த பிலிப்புவின் மருமகன் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனான். வின்சன்ற் அவனைக் கண்டார். ஆரென்று தெரியாததால் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், வயலில் ஆட்கள் இருக்கும்போதே, பிலிப்புவும் நாலு பேரும் அந்தக் குடிலுக்குள் புகுந்தார்கள். புண்காலோடு ஓட முடியாத கோணாமலையை வரம்புக்கு இழுத்துவந்து வெட்டினார்கள். தலைமாட்டில் கண்ணகை கொண்டுவந்து வைத்த கஞ்சி சேற்றில் சிந்திக் கிடந்தது.

எட்டாம் நாள் அவள் மரத்தடிக்கு வந்தாள். அழவில்லை.

"ஐயா, இடத்தை நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னன். நீங்க ஊருக்குச் சொன்னீங்க. இனி கொன்றவன் பேரையும் அப்படியே ஊருக்குச் சொல்லுங்க. பிலிப்பின்ட மருமகன் கேட்டுக்கொண்டிருந்தான் எண்டு கோட்டில சாட்சிக்கு வந்தும் சொல்லுங்க."

"சொல்றன் புள்ள. நாளைக்கு வா."

பிலிப்பு முந்திக்கொண்டான். தன்னாமுனையில் வின்சன்ற் வீட்டுக்கு வந்து, மனைவி றோசம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய வலது கையை உரலின் விளிம்பில் வைத்து உலக்கையால் அடித்தான். மூன்று விரல் நொறுங்கியது.

"இப்ப எழுது மச்சான், பார்ப்பம்" என்றான்.

வயலில் நின்றவர்களும் பயந்து ஒதுங்க, வழக்கு சாட்சியில்லாமல் தள்ளுபடியானது. ஆறு மாதத்தில் வின்சன்ற் இடது கையால் எழுதப் பழகிவிட்டார். காணிக்கு, பென்சனுக்கு, காணாமற்போன மாட்டுக்கு எழுதினார். கண்ணகை வருடத்துக்கு ஒருமுறை வந்து மேசைக்கு முன்னால் நிற்பாள்.

"கை சுகமா ஐயா?"

"வலிக்குது புள்ள. அடுத்த முறை."

அவள் கண்முன்னேதான் இடது கையில் பேனா இருக்கும். வலியைத்தான் சொன்னாரா, பயத்தைச் சொல்ல வேறு வார்த்தை இல்லாமல் அப்படிச் சொன்னாரா? அந்த உலக்கைக்கு முன்னால் கை வைக்காத எவருக்கும் இதற்குப் பதில் சொல்வது சுலபம்.

1974இல் அவர் செத்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கண்ணகை வீட்டுக்கு வந்தாள். வின்சன்றின் மகள் செசீலியா அவருடைய பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இடது கை எழுத்து, இங்கிலீசில். பல தரம் அடித்து எழுதியது.

"வாசி மனே" என்றாள் கண்ணகை.

செசீலியா தமிழில் சொன்னாள். "முறை கேட்டதற்காக... ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது... நான் உரக்க வாசித்தபடியால்... கஞ்சி குடிக்குமுன்..."

"பிலிப்பு வெட்டினான் எண்டு எங்க கிடக்கு?"

செசீலியா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.