முகத்துவாரத்தில் ஒரு பங்கு

எண்ணூர் முகத்துவாரத்தை ஒருமுறை நான் திறந்து வைத்திருக்கிறேன். சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ரிப்பன் வெட்டித் திறக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் திறந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு முழுப்பரீட்சை விடுமுறை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் எங்கள் வீடு ராயபுரத்தில். விடுமுறை என்றால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மாமா வீடு. மாமா ஆற்றில் வலை போடுபவர். அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அந்தக் கோடையில் மாமாவின் பாடு நெருங்கும் நேரம் பார்த்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல்நீர் உள்ளே வர வழியில்லாமல் ஆறு குளம்போல் நின்றது. கால் வைத்தால் வெதுவெதுத்தது. இறால் இல்லை, செத்த மீன்கள்தாம் கரை ஒதுங்கின.

அமாவாசையன்று மணலை வெட்டித் திறப்பது என்று ஊர் முடிவு செய்தது. வீட்டுக்கு ஒரு மண்வெட்டி வர வேண்டும்; வராத வீட்டுக்கு அந்த ஆண்டு பாடு கிடையாது. மாமாவுக்கோ முந்தின நாள்தான் கெளுத்தி முள் குத்தி வலதுகை பலாக்காய்போல் வீங்கியிருந்தது. பாடு போனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

விடியும்போது மாமாவின் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மணல் திட்டில் நின்றேன்.

"இன்னாடா, நீ மம்டியத் தூக்கிகினு வந்தியா, மம்டி உன்னத் தூக்கிகினு வந்துச்சா?" என்றார் ஊர்த் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கூடையுடன் பின்னால் வந்த மாமி விடவில்லை. "வூட்டுக்கு ஒரு மம்டின்னுதான சொன்ன? மம்டிக்கு மீசை இருக்கணும்னு சொன்னியா நைனா?"

தலைவர் தன் மீசையைத் தடவிக்கொண்டு அப்பால் போனார்.

ஆற்றிலிருந்து கடலை நோக்கி இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மணலை அள்ளிக் கொட்டினார்கள். என் உள்ளங்கை கொப்பளித்தது. ஆற்றுப்பக்கம் ஒரு வரப்பளவு மணலை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். முந்தைய கோடையில் அவசரப்பட்டு அதை உடைத்ததில், ஏறிவந்த கடல் மணலைக் கொண்டுவந்து வாய்க்காலைத் தூர்த்துவிட்டதாம். கடல் வற்றி, ஆறு உயரமாக நிற்கும்போது உடைக்க வேண்டும். அப்போது ஆறே தன் வழியை அறுத்துக்கொண்டு போகும்.

உச்சி சாய்ந்தது. கடல் பின்வாங்கியது. ஆனால் வரப்பு நீரில் ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தது. பெரிய ஆள் ஏறினால் ஆளோடு இடிந்து போகும். தலைவர் சுற்றிலும் பார்த்தார்.

"எடை கம்மியா எவன்டா கீறான்?"

காலையில் சிரித்த அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின.

வீங்கிய கையோடு வந்து நின்ற மாமா என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நல்ல கையில் சுற்றிக்கொண்டார். "நடுவுல மம்டியால ஒரு கோடு இழு, போதும். இழுத்துட்டு ஓடியாந்துடு. ஹீரோ மாதிரி நின்னுகினு வேடிக்க பாக்காத."

இழுத்தேன். விரல் தடிமனுக்கு நீர் எட்டிப் பார்த்தது. பிறகு கையகலம். ஓடியிருக்க வேண்டும், நின்று வேடிக்கை பார்த்தேன். காலடி மண் போயிற்று, இடுப்பில் கயிறு சுண்டியது, கண் திறந்தபோது கரையில் குப்புறக் கிடந்தேன். "சொன்னேன்ல, கஸ்மாலம்!" என்று திட்டிக்கொண்டே மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். அதற்குள் கதவகலம் ஆகியிருந்த நீர் லாரி அகலம் ஆயிற்று. இரு கரைகளும் துண்டுதுண்டாக இடிந்து விழ, கறுத்த தண்ணீர் இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. பெண்கள் கூடைகளை வானத்தில் வீசினார்கள். தலைவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்.

மாலையில் கடல் திரும்பி உள்ளே வந்தது. தெளிந்த, குளிர்ந்த நீர். அதோடு மடவை மீன்கள் துள்ளித் துள்ளி ஆற்றுக்குள் ஏறின. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கீழே ஊரே கூடி ஒரே வலையைப் பிடித்தது. முதல் பிடியை, வெட்டிய எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். சின்னப் பையனுக்கு அரைப் பங்கு போதும் என்றது ஒரு குரல்.

"அவன் இழுத்தது அர கோடா?" என்றாள் மாமி.

முழுப் பங்கே கிடைத்தது. தலைவர் மீன்களை என் பையில் போட்டுவிட்டு, "பங்கு வாங்கிகின. இனிமே நீயும் ஒரு ஆளு. ஆறு மறுபடி அடச்சுகினா வரணும், இன்னா?" என்றார்.

"வரேன் நைனா" என்றேன்.

மாமாவின் பாடு பறிபோகாமல் பிழைத்தது. ராயபுரம் திரும்பும்போது என் பை நாற்றத்தில் பேருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கோடையில் முகத்துவாரம் மறுபடி அடைத்துக்கொண்டது. மாமா ஆள் அனுப்பினார். எனக்கு ஆங்கில டியூஷன் இருந்தது. அதற்குப் பிந்தைய அழைப்புகளுக்கு நான் காரணம்கூடச் சொல்லவில்லை. படித்துப் பொறியாளன் ஆனேன். இந்த நகரத்தின் எதிர்காலம் பற்றிய கூட்டங்களில் வரைபடத்தின் மேல் மழைநீர் வடிகால்களாக நீலக் கோடுகள் போடுகிறேன். வடக்கே போடும் கோடுகளெல்லாம் எண்ணூரில் போய் முடியும். கீழே "வெள்ளம் தாங்கும் நகரம்" என்று எழுதுகிறோம். அங்கே மண்வெட்டி பிடிப்பது யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

வீடு வாங்கியது நகரின் வடக்கே மாத்தூரில், முன்பு ஏரித் தண்ணீர் பரவிக் கிடந்த இடத்தில். ஒரு மழையில் படிக்கட்டுவரை ஏறிய நீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றபோது, மாமாவுக்குப் போன் செய்து புலம்பினேன்.

"உன் தண்ணி இங்கதான்டா வரணும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆத்து வாயில மண்ணு ஏறிகினு கீது. வெட்டிகினுதான் கீறோம். ஆளு பத்தல."

சிறுவனாக அன்றைக்கு அந்த மீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோது, என் பங்கு முழுவதும் அதற்குள் இருப்பதாகவே நினைத்தேன்.