வரிசையில் ஒரு பாட்டு

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், சேலையூரிலிருந்து மகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். ராட்டினத்துக்கு நீண்ட வரிசை. வெயிலில் நிற்கப் பொறுமையின்றி, ஸ்பெஷல் டிக்கெட் வாங்கி எல்லாரையும் தாண்டிப் போய் ஏறினோம். எனக்கோ ஏதோ சாதித்த பெருமை.

இறங்கியதும் மகள், “அப்பா, இன்னொரு தடவை. ஆனா அந்த வரிசையில நிக்கலாம்பா. அங்க பாட்டுக்குப் பாட்டு விளையாடுறாங்க,” என்றாள்.

கூச்சத்தோடு கடைசியில் போய் நின்றேன். சற்று முன் நாங்கள் தாண்டிப் போனவர்களில் ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டார்.

“சார், பாப்பாவ இங்க வுடுங்க, நெழலா கீது. நீங்களும் வாங்க. ஆனா ஒரு பாட்டு பாடணும்!”

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தபடி இடம் விட்டார்கள். கரகரத்த குரலில் பாடினேன்.

ராட்டினத்தை மகள் மறந்துவிட்டாள். அந்த வரிசையைத்தான் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். அதைத்தான் நான் காசு கொடுத்துத் தவிர்க்கப் பார்த்தேன்.