சாவாத ஆடும் என் ஐந்நூறு ரூபாயும்

பழைய கோயில்களைச் சுற்றிக் காட்டும் கைடு வேலையில் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம், “அந்தக் காசு இன்னைக்கு எவ்வளவு?” என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளாது. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களை ராமநாதபுரம் பக்கத்துக் கோயில்களுக்கு அழைத்துப் போவது என் பிழைப்பு. அரை நாளுக்கு ஐந்நூறு ரூபாய். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போன காலத்தில் பேசிய கூலி. புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, கூலி அங்கேயே நிற்கிறது. அக்காள்மடத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரோ வருஷம் தவறாமல் வாடகையை ஏற்றுகிறார். இந்தத் தடவை கூட்டித் தராவிட்டால் காலி செய் என்றே சொல்லிவிட்டார். விலைவாசி ஏறியும் வரும்படி ஏறாத என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

தங்கமா, நெல்லா?

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. அணையா விளக்கு எரிக்க யாரோ ஒரு புண்ணியவான் பத்துப் பொற்காசு கொடுத்த விவரம். வாசித்தேன். உடனே அந்தக் கேள்வி. “எதை வச்சு அளக்குறோம்கிறதைப் பொறுத்தது சார்” என்று ஆரம்பித்து, காசின் எடையையும், அன்று அதற்குக் கிடைத்த நெல்லையும் உத்தேசமாகச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் தங்க விலையைப் போட்டுப் பெருக்கினார், லட்சக்கணக்கில் வந்தது. அந்த அம்மா நெல் விலையைப் போட்டார், சில ஆயிரத்தோடு நின்றுவிட்டது. தங்கம்தான் சரி என்று இவர், சோறு தின்னாமல் தங்கத்தையா தின்றார்கள் என்று அவர். மற்ற பயணிகள் வேனில் ஏறி ஹாரன் அடிக்கவைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. இருவரும் சமாதானமாகி ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். மேலாளர் சொன்னார்: “கழுத்துல கைடுன்னு அட்டை மாட்டியிருக்கீங்க, ஒரு எக்ஸ்சேஞ்ச் ரேட் தெரியலீங்களே!”

ஆடு எங்கே?

அதே கோயிலின் மறு சுவரில் இன்னொருவர் விளக்குக்குக் காசு கொடுக்காமல் ஐம்பது ஆடு கொடுத்திருக்கிறார். ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர், சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், ஐம்பது ஐம்பதாகவே இருக்கும். காசின் மதிப்பு தேய்ந்துபோகும், ஆடு தேயாது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த ஒரு விவசாயி இதை உன்னிப்பாகக் கேட்டார். பரவாயில்லை, ரசிக்கத் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். அவர் போய் எண்ணெய் வற்றிய விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னைக் கோபமாகக் கேட்டார்: “சாவாத ஆடுன்டு கல்லுல வெட்டி வச்சிருக்கு. அப்ப இப்ப அது எவன் வீட்டுலய்யா மேயுது?”

ஒன்றேகால் ரூபாய்

சாயல்குடியிலிருந்து ஓர் அம்மா குடும்பத்தோடு வந்தார். பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய் முடிந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். ஒரு ரூபாய் இருக்கிறது, கால் ரூபாய்க்கு எங்கே போவது? அதுதான் செல்லாமல் போய் வருஷக்கணக்காகிறதே. சன்னதித் தெருவில் பழைய நாணயம் விற்கிறவரிடம் ஒரு நாலணாவை முப்பது ரூபாய்க்கு வாங்கினார். பேரம் பேசவே இல்லை.

என் கூலி என்று வந்ததும் நானூற்றைம்பதை நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “செல்லாத காசுக்கு முப்பது ரூவா குடுத்தீகளே, எனக்கு அம்பதக் குறைக்கிறீகளேம்மா?” என்றேன். அவர் முகம் மாறாமல் சொன்னார்: “அது சாமிக்குத் தம்பி. சாமிட்ட வெல பேச முடியுமா? உங்கட்டத்தான பேச முடியும்?”

கறிக் கணக்கு

எனக்கு வேன் கூட்டத்தை அனுப்புகிறவர் சேகர். ராமேஸ்வரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். கூலியைக் கூட்டிக் கேட்டால் “பாப்போம்ணே” என்பார், இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஐம்பது ஆட்டுக்காரரை நினைத்து ஒரு யோசனை பண்ணினேன். ஐந்நூறு பேசிய அன்று ஆட்டுக்கறி கிலோ ஐந்நூறு. இப்போது தொள்ளாயிரம். “இனிமே ரூபாய்க் கணக்கு வேண்டாம் சேகர். அரை நாளுக்கு ஒரு கிலோ கறி. அன்னன்னைக்குக் கடையில என்ன விலையோ அதக் குடுத்திரு. இல்லாட்டி எனக்கு வீடு போயிரும்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று கையைக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது எனக்கு. வீட்டுக்காரரிடம் அன்றைக்கே வாடகையைக் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

புதுக் கணக்கில் முதல் வேலை ஆடி அமாவாசை. ஊரே கொள்ளாத கூட்டம். பொழுது விடியுமுன் கிளம்பி இரண்டு வேன் கூட்டத்தைக் கூட்டிப்போய் வந்தேன். தொண்டை கட்டிவிட்டது, மனசுக்குள் ஆயிரத்து எண்ணூறு என்று எண்ணிக்கொண்டே சேகரிடம் போனேன். எடுத்து வைத்தது ஆயிரம். நேற்றைய கறி விலையையாவது போடு என்று கெஞ்சினேன். “அன்னன்னைக்கு விலைன்டு நீங்கதானண்ணே சொன்னீக? அமாவாசையும் அதுவுமா ராமேஸ்வரத்துல எவன் கறி எடுப்பான்? கடையே தெறக்கல, வெலைக்கு நான் எங்கன போவேன்?”

வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன், அவருக்கு அமாவாசையும் கிடையாது, பௌர்ணமியும் கிடையாது. ஆயிரம் வருஷத்தில் காசின் மதிப்பு என்னென்னவோ ஆகியிருக்கிறது, என் கைக்கு வரும் ஐந்நூறு மட்டும்தான் சாவாமல் மூவாமல் அப்படியே இருக்கிறது.