வழியனுப்ப வந்தவர்களின் மாடி

வேதசிரோமணிக்கு எதையாவது எண்ணாவிட்டால் பொழுது போகாது. இரும்புலியூர் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு எத்தனை எட்டு, சர்ச்சில் பிரசங்கத்தின்போது எத்தனை பேர் தூங்குகிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். நாற்பத்தாறு வயது, ஐந்தடி பத்தங்குல உயரம், மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. கட்டடங்களுக்குப் படம் போடும் ஓர் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். இருபத்திரண்டு வருஷமாக வரைந்து தள்ளியும் ஒரு படத்தின் மூலையில்கூட அவர் பெயர் வந்ததில்லை. வருத்தம் உண்டு, வாய் திறந்து சொல்ல மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அந்த அலுவலகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. விமான நிலையத்தில் பயணிகளுக்குப் புதுக் கட்டடம். அதில் உள்ளூர்க் கலாச்சாரம் தெரிய வேண்டும் என்று டெல்லியிலிருந்து கடிதம். பெரிய இன்ஜினியர் தோத்தாத்ரிக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"வாசல்ல ஒரு கோபுரம் வச்சிடும். உள்ளே நாலு தாமரைத் தூண். தீர்ந்தது," என்றார்.

வேதசிரோமணி ஏழு கோபுரம் வரைந்தார். ஏழும் கல்யாணப் பந்தல் வாசல் மாதிரியே வந்து தொலைந்தன. அப்போதுதான் அவருக்கு ஒரு சந்தேகம். அங்கே வருகிற ஜனங்கள் அண்ணாந்து கோபுரம் பார்க்கவா வருகிறார்கள்? வேறென்னதான் செய்கிறார்கள்? தினமும் தலைக்கு மேலே விமானம் பறக்கிற இடத்தில் குடியிருந்தும், அவர் அந்த நிலையத்தில் கால் வைத்ததே இல்லை. அடுத்த சனிக்கிழமை நோட்டும் பென்சிலுமாக மின்சார ரயிலில் ஏறிவிட்டார்.

போன மனிதர் மலைத்துப் போனார். ஒரு பயணிக்கு ஒன்றரை ஆள் வழியனுப்ப வருவார்கள் என்றது அலுவலகத்திலிருந்த வெளிநாட்டுப் புத்தகம். இங்கே அவர் எண்ணிப் பார்த்ததில் சராசரி பத்தொன்பது வந்தது. மாலை, புளியோதரை, ஜெபம், திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் நடந்தது. ஆள் உள்ளே போன பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. கம்பி வேலியோரம் போய் வெயிலில் நின்றார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு சனிக்கிழமை விடாமல் போனார்.

நாலாவது வாரம் அங்கே கிளியம்மாளைப் பார்த்தார். கோவளத்துக்காரி, தாம்பரம் மார்க்கெட்டில் அவர் மனைவி கிருபா மீன் வாங்குவது அவளிடம்தான். மகன் ரங்கனுக்குப் பம்பாயில் கப்பல் வேலை கிடைத்து, கம்பெனியே விமான டிக்கெட் அனுப்பியிருந்தது. அவனை அனுப்ப ஒரு லாரி நிறைய ஆள் வந்திருந்தது. விமானம் ஒன்று கிளம்பியதும் குப்பமே கையாட்டி அழுதது. அழுது முடித்துத் திரும்பினால், ரங்கன் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

"யாருக்கும்மா டாட்டா காட்டிகினு கீறீங்க? என் பிளேனு இன்னும் வரவே இல்ல," என்றான்.

வேதசிரோமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளியம்மாளிடம் கேட்டார்: "இன்னும் ஒரு மணி நேரம் இந்த வெயில்ல நிக்கணுமே. வீட்டுக்குப் போகலாமில்ல?"

"இன்னா சார் பேசுற நீ! புள்ள மேல ஏறிப் போறத கண்ணால பாக்காம வூட்டுக்குப் போனா சோறு எறங்குமா?"

அந்த ஒரு கேள்வியில் ஏழு கோபுரமும் சாய்ந்தன. வேதசிரோமணி புதிதாக ஒரு படம் போட்டார். மாடி முழுக்க நீளமாக, கூரை போட்ட இடம். உட்காரத் திட்டுகள், குடிக்கத் தண்ணீர், எந்த விமானம் புறப்படுகிறது என்று எழுதிக் காட்டும் பலகை, எதிரே ஓடுபாதை.

"கோபுரம் எங்கே ஓய்?" என்றார் தோத்தாத்ரி.

"சார், ஊர்க் கலாச்சாரம்னு கேட்டிருக்காங்க. இங்க ஒருத்தர் போனா பத்தொன்பது பேர் வர்றாங்க. பிளேன் மறையற வரைக்கும் நகர மாட்டேங்கறாங்க. இதைவிட வேற என்ன சார் கலாச்சாரம்?" என்றார் வேதசிரோமணி.

தோத்தாத்ரி கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர். "சனிக்கிழமை நிலையத்தோரம் சாரம் கட்டி ஒரு மாதிரி போட்டுக் காட்டும். ஜனங்க நன்னாருக்குன்னு சொன்னா இந்தப் படம் டெல்லிக்குப் போகும், உம்ம பேரோட. இல்லேன்னா கோபுரம்தான்."

மூங்கில் சாரத்தின்மேல் பலகை பரப்பி, மேலே தாழ்வாகக் கீற்றுக் கூரை போட்டு, முன்னால் மறைப்புக்குத் தட்டி கட்டினார்கள். குழந்தைகள் எட்டி விழுந்துவிடக் கூடாதென்று வேதசிரோமணி தம் தோளுக்கு அளவெடுத்து, நாலே முக்கால் அடி உயரத்தில் அதை வைத்தார். கிளியம்மாள் ஒரு லாரி சனத்தைக் கூட்டி வந்தாள். கிருபாவோடு சர்ச்சிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. விமானம் உறுமிக்கொண்டு எழும்பியது. "ஜோரா கீது சார்!" என்று ஆண்கள் கூவினார்கள். வேதசிரோமணிக்கு உச்சி குளிர்ந்தது.

தோத்தாத்ரி பக்கத்தில் நின்ற கிருபாவைக் கேட்டார். "என்னம்மா, பிளேன் நன்னா தெரிஞ்சுதா?"

கிருபாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதுகூடப் பென்சிலைக் கீழே வைக்காத மனிதர். ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், அவர் பெயர் டெல்லிக்குப் போய்விடும். கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தட்டி நல்லாத் தெரிஞ்சுது சார். பிளேன் சத்தமும் கேட்டுது."

"அக்கா சொல்றது நெசந்தான்," என்றாள் கிளியம்மாள். "ஆம்பளைங்க பாத்து சொன்னாங்க, நாங்க கேட்டுக்கினோம்."

தோத்தாத்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "பத்தொன்பது பேர்னு எண்ணினீரே ஓய், அதுல பொம்மனாட்டி எத்தனைன்னு எண்ணினீரா?"

வேதசிரோமணிக்குக் காது சூடேறியது. முதலில் வந்தது பெண்டாட்டிமேல் கோபம்தான். அடுத்த நொடியே வெட்கம் வந்து அதைத் தின்றுவிட்டது. பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு கிருபாவிடம் போனார்.

"நேரா நில்லு."

அத்தனை பேருக்கு முன்னால் மண்டியிட்டு, அவள் பாதத்திலிருந்து கண்வரை அளந்தார். நாலடி நாலங்குலம்.

"இருபது வருஷமா உன் கண்ணு இவ்வளவு கீழேயா இருந்துது?"

"நீங்க எப்பக் குனிஞ்சு பாத்தீங்க?" என்றாள் கிருபா.

"மறைப்பை மூணடிக்கு இறக்கும், மேலே கம்பி போட்டுக்கலாம். திங்கட்கிழமை கையெழுத்துப் போடறேன்," என்றார் தோத்தாத்ரி. வேதசிரோமணி எழுந்திருக்கவில்லை. "அக்காவவிட நான் குட்டை, என்னையும் அள சார்," என்று கிளியம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். கிருபா அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருத்தியாக அளந்து சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.